விரல் தெரியணும், மச்சி

இன்று மதியம் அறைக்குள் அந்த வாடை வந்தது. கம்ப்யூட்டர் வெகுநேரம் மூச்சிரைக்க வேலை செய்தால் அதன் காற்றாடி வழியாகச் சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாடை வருமே, அதுதான். பல்லாவரத்துக்காரர் ஒருவர் கொடுத்த வீடியோவை எடிட் செய்ய வசதியாக மாற்றப் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "மச்சி, உன் பொட்டி வறுபடுது பாரு" என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல இருந்தவள் நீ ஒருத்திதான்.

சாப்பிட்டு முடிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு இதை எழுதுகிறேன்.

கல்லூரி முடித்த கையோடு மேற்குத் தாம்பரத்தில் வண்ணமீன் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்துக் கல்யாண வீடியோ தொழில் ஆரம்பித்தோம். நீ படம் பிடிப்பாய், நான் எடிட் செய்வேன். ரெண்டும் பெண் பிள்ளைகள், எத்தனை நாளைக்கு என்று இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, தென்மாவட்டப் பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, "நான் நகர ரெடியாத்தான் இருக்கேன், ரோடுதான் நகர மாட்டேங்குது" என்று போன் செய்வாய். மண்டபத்துக்குள் வந்துவிட்டால் வேறு ஆள் ஆகிவிடுவாய். மணமேடையில் ஆண் போட்டோகிராபர்கள் சுவர்போல நின்று மறைப்பார்கள். நீ சத்தம் போட மாட்டாய். "அண்ணா, தாலி கட்றப்போ என் வீடியோல உங்க முதுகுதான் வரும். பொண்ணு வீட்ல கேட்டா உங்க நம்பரைக் கொடுத்துடவா?" என்பாய். சுவர் விலகும்.

நீ அந்தப் புதுக் கேமராவை வாங்கிவந்த நாளில் நாம் நன்றாகச் சண்டை போட்டோம். படம் அபாரமாக இருந்தது. அதை நான் அன்றும் மறுக்கவில்லை. பட்டுப் புடவையின் சரிகை ஒவ்வோர் இழையாகத் தெரிந்தது. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஓடவிட்டதும் படம் நொண்டியது. மணப்பெண் ஓரடி எடுத்து வைப்பாள், நிற்பாள், பிறகு திடீரென்று மேடையில் இருப்பாள்.

"கேமரா கம்பெனிக்காரன் துணியை நல்லா மடிச்சு, அமுக்கி, சின்னப் பெட்டியில திணிச்சு அனுப்புறான். அதனாலதான் இவ்ளோ பெரிய படம் அவ்ளோ சின்ன கார்டுல அடங்குது. இங்க என் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அதைப் பிரிச்சு உதறி எனக்குக் காட்டணும். அதுக்குத் தெம்பு இல்ல. நீ செட்டிங்கைக் குறைச்சு எடு" என்றேன்.

"உன் பொட்டி கிழவியா இருந்தா நான் ஏன்டி கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்?" என்றாய்.

ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். அந்த வாரத்தில்தான் நிவேதாவின் தங்கை படியேறி வந்தாள்.

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "எங்க அக்காவுக்குக் காது கேக்காது. மாப்பிள்ளை அருணுக்கும் கேக்காது. கோவிலம்பாக்கத்துல மண்டபம். அவங்க ஃப்ரெண்ட்ஸ் நெறைய பேர் வருவாங்க, எல்லாரும் சைகையிலதான் பேசுவாங்க. இதுக்கு முன்னாடி நிச்சயதார்த்தத்துக்கு எடுத்தவர் மூஞ்சியை மட்டும் க்ளோசப்ல எடுத்துட்டாரு. அக்கா பாத்துட்டு, 'எல்லார் வாயையும் கட்டிட்டு வீடியோ எடுத்த மாதிரி இருக்கு'ன்னு சொன்னா."

நீ நாற்காலியை இழுத்து அவளுக்கு அருகில் போட்டுக்கொண்டாய். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை கை எங்கெங்கே போகும், வேகமாகப் பேசுவார்களா, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எங்கே நின்று எடுப்பது என்று நீ கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. அவள் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "வேகமா அசையற கை கலங்காம வரணும்னா ஒரு செகண்டுக்கு நெறைய ஃபிரேம் வெச்சு எடுக்கணும். உன் பொட்டி அழும். அழட்டும்."

அந்தக் கல்யாணம் உனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பின்வரிசையில் இரண்டாவது கேமராவோடு நின்றிருந்தேன். நாதஸ்வரம் ஒரு பக்கம், காது கேட்கிற சொந்தக்காரர்களின் இரைச்சல் ஒரு பக்கம். மண்டபத்தின் இடது பாதி முழுக்க மணமக்களின் நண்பர்கள். அங்கேதான் பேச்சு அதிகம். ஒருவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நடுவில் நடக்கிற யாரையும் தொந்தரவு செய்யாமல், கிண்டல் செய்துகொண்டிருந்தார். நீ ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று, அந்தக் கிண்டலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாய்.

வரவேற்பின்போது நிவேதாவின் அப்பா உன் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். சைகை பழகினால் குழந்தைக்கு வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்னதை நம்பி, வீட்டில் யாரும் சைகை கற்றுக்கொள்ளவே இல்லையாம். மகளுடன் அவருக்கு இருந்ததெல்லாம் உதட்டசைவும் துண்டுக் காகிதமும்தான். அவர் உன் முன்னால் நின்று கையைக் கொஞ்சம் அசைத்தார், போய்விட்டார். டாடா காட்டினார் என்று நான் நினைத்தேன்.

வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. நமக்குச் சைகை மொழி தெரியாது. யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே வெட்டுவது, கீழே என்ன எழுதுவது என்று முடிவு செய்ய முடியும். மேடவாக்கத்தில் புதுக்குடித்தனம் வைத்த சூட்டோடு நிவேதாவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் தமிழில் தட்டித் தட்டி என்னோடு பேசினாள்.

நான் ஓடவிட்டேன். படம் நொண்டியது. அவள் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் நொண்டியது. போனில் எழுதிக் காட்டினாள்: "வார்த்தை நடுநடுவுல காணாம போகுது. சிக்னல் இல்லாத இடத்துல போன் பேசினா உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படி."

அதுவரை எனக்கு அது கம்ப்யூட்டரின் கோளாறு. பட்டுப்புடவை நொண்டினால் எரிச்சல்தான் வரும். இங்கே ஒரு ஃபிரேம் விழுந்தால் ஒரு சொல் விழுந்தது. அவள் மதியம் முழுக்க முயன்று பார்த்து, கண்கள் சிவந்து, வீட்டுக்குப் போனாள். அப்பாவின் அந்தக் காட்சியும் அன்று கடந்துபோனது. அந்த நொண்டலில் அது அவளுக்கும் டாடாவாகத்தான் தெரிந்தது.

எனக்குச் சலித்துவிட்டது. "நல்ல நல்ல ஷாட்டா எடுத்து, ஒரு பாட்டு போட்டு முடிச்சிடலாமா?" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "பாட்டு யாருக்கு மச்சி?"

 

பெரிய கம்ப்யூட்டர் வாங்க நமக்கு வழியில்லை. இருப்பதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பார்த்தோம். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலைகளை எல்லாம் மூடினேன். வீடியோவைப் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து வேகமான டிஸ்குக்கு மாற்றினேன். நொண்டல் கொஞ்சம் குறைந்தது. மென்பொருளிலேயே பார்க்கும் தரத்தைக் குறைத்தேன். படம் ஓடியது, ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கையுறை போட்ட மாதிரி ஆகிவிட்டன. வேகமாகப் பேசும் இடங்களில் அப்போதும் சொற்கள் விழுந்தன.

பிறகுதான் ப்ராக்சி பற்றித் தேடிப் படித்தோம். மூல வீடியோவைத் தொடாமல், அதற்கு லேசான நகல் ஒன்று எடுத்துக்கொள்வது. மடித்துத் திணிக்காமல், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக, எடுத்தவுடன் பார்க்கும்படி விரித்து வைத்த நகல். அதை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் நகலுக்குப் பதில் மூலத்தைப் பொருத்திவிடலாம். உன் கேமராவின் அழகும் போகாது, என் கிழவியும் மூச்சு வாங்க மாட்டாள்.

முதல் தடவை அவசரப்பட்டோம். சீக்கிரம் முடியட்டும் என்று ஃபிரேம்களைப் பாதியாக்கி நகல் எடுத்தோம். நம் கண்ணுக்கு வெண்ணெய்போல ஓடியது. நிவேதாவுக்கு ஒரு துண்டு அனுப்பினோம். "இப்பவும் வார்த்தை குறையுது. ஆனா இந்தத் தடவை அழகா குறையுது" என்று பதில் வந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "படத்தைச் சின்னதாக்கிக்கோ. ஆனா ஒரு ஃபிரேமையும் திருடாதே" என்றாய். மறுபடி எடுத்தேன். ரொம்பச் சின்னதாக்கினால் கை மங்கியது. நீ திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து ஒவ்வொரு அளவாகப் பார்த்தாய். "இது வேணாம். இதுவும் வேணாம். விரல் தெரியணும், மச்சி." பாதி அளவில் வந்து நின்றோம்.

எல்லாவற்றையும் மாற்ற ஒரு முழுப் பகல் ஆனது. சித்திரை வெயில். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, நமக்கு இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்தாய். நாம் இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "வீட்ல எங்க அம்மாவுக்குக்கூட இப்படி விசிறினது இல்லடி" என்றாய். அன்றைக்கு முழுக்க அந்த அறையில் இந்த வாடைதான்.

அடுத்த முறை நிவேதா வந்தபோது நீயும் இருந்தாய். நான் பொத்தானைத் தட்டினேன். கைகள் ஓடின. அவள் சாய்ந்து பார்க்கவில்லை. நாற்காலியில் நன்றாக முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்த்தாள். நீ நாற்காலி மேல் ஏறி எடுத்த அந்தக் கிண்டல் வந்ததும் குபீரென்று சிரித்தாள். என்ன என்று நாம் பதறினோம். போனில் எழுதினாள்: "தாலி கட்டத் தெரியலைன்னா ஷூ லேஸ் மாதிரி கட்டிடுன்னு அருணுக்குச் சொல்றான்." மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே நடந்த அந்த நகைச்சுவைக்கு, அத்தனை நாள் கழித்து நாமும் சிரித்தோம்.

பிறகு அப்பா வந்தார். கையை அசைத்தார், போனார்.

நிவேதா நிமிர்ந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தடவை. பிறகு என் கையை நகர்த்திவிட்டு, அவளே அம்புக்குறி விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் போனாள். நெஞ்சுக்கு முன்னால் அப்பாவின் இரண்டு கைகளும் கூரைபோலச் சேர்ந்தன. ஒரு கை தன் பக்கம் அழைத்தது. இன்னொரு அசைவும் இருந்தது, தயங்கித் தயங்கி.

அவள் எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "அப்பாவுக்குச் சைகை தெரியாது. இது சைகை. 'எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வா'ன்னு சொல்ல வர்றாரு. தப்பா செஞ்சிட்டாரு. 'நாளைக்கே வீட்டுக்கு வா'ன்னு சொல்றாரு."

அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அவள் தோளைப் பிடித்துக்கொண்டாய். அவள் தங்கைக்குப் போன் செய்து கேட்டோம். "அய்யோ, அதுவா!" என்றாள் தங்கை. "தினமும் காலைல துணி காயப்போடுறேன்னு மொட்டை மாடிக்குப் போவாரு. துணியை ஓரமா வெச்சிட்டு போன்ல பாத்துப் பாத்துக் கையை ஆட்டிக்கிட்டு இருப்பாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு."

அந்த இடத்தில் கீழே என்ன எழுதுவது என்று நமக்குள் பேச்சு வந்தது. அவர் சொல்ல நினைத்ததை எழுதலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் என்ன சொன்னாரோ அதைப் போடு. தவிர, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடுதானே? கரெக்டாத்தான் சொல்லியிருக்காரு மனுஷன்."

படத்தை மேடவாக்கம் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். அப்பாவின் காட்சி வந்ததும், கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவர் பதறினார். "நான் அப்படியா சொன்னேன்?" சிரிப்பு அடங்கியதும் நிவேதா எழுந்து போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். 'எப்போது வேண்டுமானாலும்' என்பதற்கான சைகையை மெதுவாகச் செய்து காட்டினாள். அவர் செய்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினாள். மறுபடி செய்தார். உன் மடியில் கேமரா பை இருந்தது. நீ அதன் ஜிப்பைத் தொடவே இல்லை. திரும்பும் வழியில், "ஏன்டி எடுக்கல?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துடணுமா என்ன?" என்றாய்.

அதன் பிறகு இரண்டு வருடம் நமக்கு நன்றாகத்தான் போனது. பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள்; அந்தக் கோளாறின் பெயரை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நீ கேட்டதெல்லாம் நான் அப்போது எடிட் செய்துகொண்டிருந்த படங்களைத்தான். உன் போனில் பெரிய ஃபைல் ஓடாது, அங்கே நெட்டும் சரியில்லை. உனக்கென்று தனியாக லேசான நகல் எடுத்து அனுப்புவேன். "மூணாவது ஷாட்டை இன்னும் கொஞ்சம் விடு. அந்தம்மா சிரிச்சு முடிக்கட்டும்" என்று குரல் செய்தி வரும். பிறகு முழுதாகப் பார்க்கும் தெம்பு உனக்கு இல்லாமல் போனது. நகலைச் சுருக்கினேன். இன்னும் சுருக்கினேன். கடைசியில் நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். "ஓடட்டும் மச்சி. நீ சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் ஒவ்வொரு ஷாட்டாகச் சொன்னேன். எந்தக் கல்யாணம் என்று இப்போது நினைவில்லை. மணப்பெண் பச்சைப் புடவை கட்டியிருந்தாள், அதுவரை சொன்னது நினைவிருக்கிறது.

பெருங்களத்தூரில் உன் வீட்டு வாசலில் அன்று நல்ல கூட்டம். நீ மண்டபத்தில் சண்டை போட்ட போட்டோகிராபர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உன் அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது நிவேதாவும் அருணும் அவள் அப்பாவும் உள்ளே வருவதைப் பார்த்தேன். உன் அருகில் வந்து மூன்று பேரும் நின்றார்கள். மூன்று பேரும் ஒரே சைகையைச் செய்தார்கள். ஆள்காட்டி விரலை வளைத்துக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, மெல்ல வெளியே எடுத்தார்கள்.

பிறகு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று நிவேதா எனக்கு எழுதிக் காட்டினாள். அவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குச் சைகையில் ஒரு பெயர் வைப்பார்களாம். எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், அந்த ஆளைப் பார்த்ததும் தோன்றுகிற ஓர் அசைவு. கல்யாணத்தன்றே உனக்கு வைத்துவிட்டார்களாம். "கேமராவுல ஃபோகஸ் பிடிக்கிறப்போ கீழுதட்டோட ஓரத்தைக் கடிச்சுக்குவாங்களே, அது."

கல்லூரியிலிருந்து உன் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். நீ கேமராவைப் பிடித்திருந்தபோது நான் உன் கேமரா பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உன் உதட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர் உனக்குத் தெரியுமாம். ஒருநாள் அதைச் சொல்லிக் கொடுத்தபோது வெட்கப்பட்டாயாம். உனக்கு வெட்கம் வரும் என்பதும் எனக்குப் புதுசு.

நான் இப்போது கொஞ்சம் சைகை பேசுகிறேன். நிவேதாவின் அப்பாவும் நானும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்றோம். அவர் என்னைவிட வேகம். சைகை பேசுபவர்களின் கல்யாணம் நிறைய வருகிறது. அதற்கெல்லாம் ஒரு ஃபிரேமும் விடாமல்தான் நகல் எடுக்கிறேன். புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதைவிடப் புதுக் கேமராக்களும் வந்துவிட்டன, எனவே இந்தப் பொட்டியும் வறுபடத்தான் செய்கிறது.

உன் பெயரை வாய்விட்டுச் சொல்வதுதான் இன்னும் கைவரவில்லை. உன் அம்மாவைப் பார்க்கப் போனால்கூட "அவ" என்றே சொல்லிச் சமாளிக்கிறேன். 

போன வாரம் சேலையூரில் ஒரு மண்டபம். லைட் போடுகிற அண்ணன் ஒருவர் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "இன்னாக்கா, தனியா வந்துகினு கீறே? உன்கூட ஒரு அக்கா வருமே, கேமரா அக்கா. அதெங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னை அறியாமல் விரல் கீழுதட்டுக்குப் போனது. உன் பெயரை முழுசாக, நிதானமாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒயரைக் கீழே வைத்துவிட்டு, நான் மீதியையும் சொல்வேன் என்பதுபோலக் காத்துக்கொண்டு நின்றார்.